ஒரே போனில் வரித் தொழில்: எதைப் பூட்டுவது, எப்படிப் பேசுவது

கேள்வி இது: "சிறு ஊரில் தனியாக ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறேன். ஐம்பது அறுபது கிளையன்ட். உதவிக்கு ஆள் கிடையாது, இருப்பது ஒரே ஆண்ட்ராய்டு போன். ஓடிபி, ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபீஸ் வரும் யுபிஐ எல்லாம் அதில்தான். போனை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது? கிளையன்ட்களிடம் போனில் எப்படி நடந்துகொள்வது?"

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. வரி வேலையில் பாதுகாப்பும் மரியாதையும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. அந்த இடம் ஓடிபி. அதனால் பூட்டு, பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் முன்னால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓடிபி கேட்கும் பழக்கம்

மாதம் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி. அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஓடும் உரையாடல் இதுதான்: "அண்ணே, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி ஆறு எண்களைப் படிக்கிறார், வேலை முடிகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி வருடம் முழுக்கச் சொல்கிறது. மாதம் இரண்டு முறை ஆடிட்டர் கேட்டு வாங்கிவிடுகிறார். எந்தப் பாடம் மனதில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மோசடி செய்பவனுக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் பில்லிலும் போர்டிலும் இருக்கிறது. அதை ஜிஎஸ்டி தளத்தின் பொதுத் தேடலில் போட்டால் கடைப் பெயர், முகவரியோடு எந்த மாத ரிட்டர்ன் ஃபைல் ஆகியிருக்கிறது, எது ஆகவில்லை என்பதும் லாகின் இல்லாமலே தெரியும். 19ஆம் தேதி ஒருவன் கூப்பிட்டு, "ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன், இந்த மாச 3பி இன்னும் பெண்டிங், ஓடிபி சொல்லுங்க" என்றால் அவன் சொல்லும் தகவல் அத்தனையும் உண்மையாக இருக்கும். வந்திருக்கும் ஓடிபி மட்டும் அவருடைய வங்கியுடையது. பணம் போனபின் அவர் முதலில் நினைப்பது உங்கள் பெயரைத்தான்.

வருமான வரியில் இதை முழுவதுமாக நிறுத்திவிடலாம். ரிட்டர்னை அப்லோடு செய்தபின் இ-வெரிஃபை செய்ய, அதாவது அது தன்னுடையதுதான் என்று கிளையன்ட் உறுதிப்படுத்த, 30 நாள் அவகாசம் உண்டு. வருமான வரித் தளத்தின் முகப்பிலேயே 'இ-வெரிஃபை ரிட்டர்ன்' இருக்கிறது. பான், மதிப்பீட்டு ஆண்டு, அக்னாலெட்ஜ்மென்ட் எண், மொபைல் எண் கொடுத்தால் லாகின் இல்லாமலே கிளையன்ட் தானாக ஆதார் ஓடிபி மூலம் முடித்துக்கொள்ளலாம். இந்த நான்கையும் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒரு செய்தியாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். வயதானவர்களுக்கு மகனோ மருமகளோ செய்து கொடுப்பார்கள். 30 நாள் தாண்டிவிட்டால் வெரிஃபை செய்த தேதியே ஃபைல் செய்த தேதியாகக் கணக்காகி, தாமதக் கட்டணம் வரை போகலாம். ஆகவே பத்தாவது நாளும் இருபதாவது நாளும் நினைவூட்டல் அனுப்புவது உங்கள் பொறுப்பு.

ஜிஎஸ்டியில் அவ்வளவு எளிதில் விடுபட முடியாது. தனி உரிமையாளர் கடைகள் பெரும்பாலும் இவிசி வழியில்தான், அதாவது கையொப்பத்துக்குப் பதில் ஓடிபி கொடுத்துத்தான், ஃபைல் செய்கின்றன. ஓடிபி போவது அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் மொபைலுக்கும் மின்னஞ்சலுக்கும். இங்கே மாற்ற வேண்டியது கேட்கும் முறையை. முந்தின நாளே விற்பனை, உள்ளீட்டு வரி, கட்ட வேண்டிய தொகை மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். அவர் பார்த்துச் 'சரி' என்று பதில் போட்டபின் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஓடிபி கிளப்பிவிட்டு, கிளையன்ட் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லட்டும், அதுவும் தன் போனில் சேமித்து வைத்திருக்கும் உங்கள் எண்ணுக்கு. நீங்கள் கூப்பிட்டு வாங்காதீர்கள். இந்த ஒரு மாற்றத்தில் போலி அழைப்புக்கு வழியே அடைபடுகிறது, ஏனென்றால் "எங்க ஆடிட்டர் ஓடிபி கேட்டுக் கூப்பிடவே மாட்டார்" என்பது அவருக்குப் பழகிவிடும். கூடவே, எண்ணை மட்டும் படிக்காமல் செய்தி முழுவதையும் ஒருமுறை தானே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிப் பெயரோ, பணம் கழியும் என்ற வார்த்தையோ இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருக்கிறது. ஓடிபிக்காக அலைய வேண்டாம் என்று ரிஜிஸ்ட்ரேஷன் போடும்போதே கிளையன்ட்டின் மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆலோசகர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவது. நோட்டீஸ் வந்தால் அவருக்குத் தெரியாது. உங்கள் போன் தொலைந்தால் அத்தனை கடைகளின் ஃபைலிங்கும் நின்றுவிடும். மனஸ்தாபம் வந்து அவர் வேறு ஆடிட்டரிடம் போகும்போது, "என் பெயரில் எனக்குத் தெரியாமல் ஃபைல் செய்தார்" என்ற குற்றச்சாட்டுக்கு உங்களிடம் பதில் இருக்காது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவின் சிறு விவரங்களைத் திருத்தும் நான்-கோர் அமெண்ட்மென்ட்டில், உரிமையாளர் பகுதிக்குள் போய் எண்ணை மாற்றிவிடலாம். புது எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும், அதிகாரி ஒப்புதல் தேவைப்படாது. மாதத்துக்கு ஐந்து கிளையன்ட் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

பாஸ்வேர்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கடைப் பெயரும் 123ம் சேர்ந்த பாஸ்வேர்டுகள், அவற்றின் பட்டியல் ஒரு எக்செல் கோப்பில், அந்தக் கோப்பு வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட செய்தியில்: இதுதான் பல இடங்களில் நிலவரம். போன் ஒருவன் கையில் திறந்த நிலையில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அறுபது குடும்பங்களின் வருமானக் கணக்கு அவனிடம். பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் போட்டு, ஒரு நீளமான முதன்மைப் பாஸ்வேர்டால் பூட்டுங்கள். தொடர்பில்லாத நான்கு ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும், மறக்காது. அதைத் தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வைப்பதில் தவறில்லை. வருமான வரித் தளத்தில் ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்பட ஆதரைஸ்டு ரெப்ரசென்டேடிவ் வசதி இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனரை கிளையன்ட்டே நியமிக்கலாம், நீக்கலாம். பொருந்துகிற இடத்தில் இவற்றைப் பயன்படுத்தினால் அவருடைய பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

போனும் சிம்மும்

ஸ்க்ரீன் லாக் நான்கு இலக்கத்தில் இருந்தால் ஆறாக்குங்கள். பேட்டர்ன் வேண்டாம், கண்ணாடியில் விரல் தடம் தெரியும். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் மாற்றுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஓடிபி திரையின் மேலேயே தெரிந்தால் என்ன பயன்?

அதைவிட அதிகம் மறக்கப்படுவது சிம் பின். போனைத் திருடியவன் பூட்டைத் திறக்க மெனக்கெடுவதில்லை. சிம்மை உருவி இன்னொரு போனில் போடுகிறான். அடுத்த நிமிடம் உங்கள் எண்ணுக்கு வரும் எல்லா ஓடிபியும் அவனுக்கு. வாட்ஸ்அப், மின்னஞ்சல் பாஸ்வேர்டு மீட்பு, வங்கி எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்' இருக்கும். இயக்கும்போது ஏற்கெனவே உள்ள பின் கேட்கும். அது நிறுவனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 1234 அல்லது 0000. ஊகித்துப் போட வேண்டாம், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு போடுங்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியுகே எண் கேட்கும், பியுகேயைப் பத்து முறை தவறவிட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். பின்னை உங்கள் எண்ணாக மாற்றிய பிறகு, போனை அணைத்துப் போடும்போதும் சிம்மை மாற்றும்போதும் மட்டுமே கேட்கும். இ-சிம் இருந்தால் உருவவே முடியாது, இன்னும் நல்லது.

ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள போன்களில் கூகுள் செட்டிங்ஸுக்குள் 'தெஃப்ட் புரொடெக்‌ஷன்' என்று ஒரு பகுதி வந்திருக்கிறது. கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து பூட்டுவது, இணையம் துண்டிக்கப்பட்டால் பூட்டுவது, வேறு போனிலிருந்து எண்ணை மட்டும் கொடுத்துப் பூட்டுவது என்று மூன்று. மூன்றையும் இயக்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 17.3 முதல் உள்ள 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' இயக்கிக்கொள்ளலாம்.

கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவிட்டு, அது தரும் பத்து பேக்கப் கோடுகளை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். போன் தொலைந்த அன்று புது போனில் உள்ளே நுழைய அந்தத் தாள்தான் உதவும். அது இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம்.

அழைப்பைத் திருப்பிவிடும் மோசடியும் தெரிந்திருக்க வேண்டும். கூரியர் பையன் என்றோ சிம் நிறுவனம் என்றோ பேசி, *401* அல்லது *21* என்று தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். செய்தால் உங்கள் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். பிறகு வாட்ஸ்அப் பதிவுக் குறியீட்டை 'குரல் அழைப்பில் சொல்' என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். *#21# டயல் செய்தால் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பல்களையும் ரத்து செய்யும்.

முடிந்தால் இரண்டு எண் வையுங்கள். விசிட்டிங் கார்டில் அச்சிட்டு ஊருக்கே தெரிந்த எண் ஒன்று. வங்கிக்கும் கூகுளுக்கும் ஆதாருக்கும் மட்டும் கொடுத்த, யாருக்கும் தெரியாத எண் மற்றொன்று. இரண்டாவதைச் சும்மா கிடக்கிறது என்று ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம், உங்கள் வங்கி ஓடிபியும் கூடவே போகும்.

வாட்ஸ்அப்

செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குள் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இருக்கிறது. ஆறு இலக்கப் பின் ஒன்று போட்டு, மீட்புக்கு மின்னஞ்சலும் கொடுங்கள். இது இருந்தால் பதிவுக் குறியீடு மோசடிக்காரன் கைக்குப் போனாலும் உங்கள் கணக்கை எடுக்க முடியாது. இல்லாவிட்டால் அவன் எடுத்த கையோடு தன் பின்னைப் போட்டுவிடுவான். நீங்கள் மீண்டும் உங்கள் எண்ணால் பதிவு செய்து அவனை வெளியேற்றலாம், ஆனால் அவன் போட்ட பின்னைக் கடக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஜூலை கடைசி வாரத்தில் ஏழு நாள் வாட்ஸ்அப் இல்லாத நிலையை யோசித்துப் பாருங்கள்.

'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். போன் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரு பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்து, லாகவுட் செய்யாமல் வந்துவிட்டால் உங்கள் அத்தனை உரையாடலும் அந்தக் கடையில் திறந்தே கிடக்கும். பிரின்ட் எடுக்க வேண்டியதைப் பென்டிரைவில் கொண்டு போவது நல்லது, அதில் அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கட்டும். புதிதாகப் பரவும் தந்திரம் ஒன்று, ஏதோ படம் பார்க்கவோ ஓட்டுப் போடவோ என்று சொல்லி எட்டு எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் உள்ளிடச் செய்வது. அது அவன் கருவியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு.

பேக்கப்பும் முக்கியம். உரையாடல் வழியில் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், கூகுள் டிரைவில் போய் உட்காரும் பேக்கப்புக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வருவதில்லை. சாட் பேக்கப் பகுதியில் 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்' என்பதைத் தனியாக இயக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டு தொலைந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கிளையன்ட் அனுப்பும் கோப்பு

மற்ற தொழில்களைவிட வரித் தொழிலுக்கு இங்கே ஆபத்து அதிகம், ஏனென்றால் தெரிந்தவர் அனுப்பும் கோப்பைத் திறப்பதுதான் உங்கள் வேலையே. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகள் சுற்றுகின்றன. கணக்கு திருடப்பட்ட கிளையன்ட்டின் வாட்ஸ்அப்பிலிருந்தே, அவர் பெயரிலேயே, உங்களுக்கு வரும். 'ஸ்டேட்மென்ட்' என்று பெயர் இருந்தாலும் கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது ஆப். ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆகவோ எக்செல் ஆகவோதான் வரும், பத்திரிகை படமாகவோ வீடியோவாகவோ வரும். வேறு எதுவாகவும் வராது.

இந்த ஆப்கள் முதலில் கேட்பது எஸ்எம்எஸ் அனுமதி, பிறகு அக்சஸிபிலிட்டி அனுமதி. முதலாவது கிடைத்தால் ஓடிபி படிக்கும், இரண்டாவது கிடைத்தால் திரையையே இயக்கும். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' பகுதிக்குப் போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அணைந்திருந்தால் தவறித் தொட்டாலும் தானாக இன்ஸ்டால் ஆகாது.

ஆகிவிட்டதா? உடனே ஏரோப்ளேன் மோடு, வைஃபையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டு யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஆப்பை நீக்குங்கள். நீக்க விடாமல் அடம்பிடித்தால் சேஃப் மோடில் போனைத் திறந்து அக்சஸிபிலிட்டி அனுமதியையும் டிவைஸ் அட்மின் அனுமதியையும் எடுத்துவிட்டு நீக்க வேண்டும். ஆனாலும் தொழிலுக்கான போனில் அதற்குமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஆவணங்களைக் காப்பி எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவது வேறு கருவியிலிருந்து.

பணம்

ஃபீஸ் வாங்க ஒரு தனி சேமிப்புக் கணக்கு, அல்லது நடப்புக் கணக்கு. யுபிஐ அதில் மட்டும் இணைந்திருக்கட்டும். மாதக் கடைசியில் பெரிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அந்தப் பெரிய கணக்குக்கு இந்தப் போனில் யுபிஐயே வேண்டாம். என்ன நடந்தாலும் இழப்பு அந்த மாத ஃபீஸோடு நிற்கும்.

பணம் வந்ததற்கு ஆதாரம் உங்கள் வங்கி ஆப்பில் தெரியும் இருப்பு மட்டுமே. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி அக்னாலெட்ஜ்மென்ட் அனுப்பாதீர்கள், அதே மாதிரி படம் உருவாக்கும் போலி ஆப்கள் உண்டு. இதைக் கிளையன்ட்டிடம் சொல்லும்போது சந்தேகப்படும் தொனி வேண்டாம். "கணக்கில் இன்னும் ஏறவில்லை சார், ஏறியதும் ரசீது அனுப்புகிறேன்" என்றால் போதும். பணம் வாங்க யுபிஐ பின் எப்போதும் தேவைப்படாது. பின் கேட்டால் உங்களிடமிருந்து பணம் போகிறது என்று அர்த்தம்.

கிளையன்ட்டின் வரிப்பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக் கட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சலான் உருவாக்கி அனுப்பினால் அவரே நெட்பேங்கிங்கிலோ வங்கிக் கவுன்டரிலோ கட்டலாம். உங்கள் கணக்கு ஏதோ புகாரில் முடக்கப்பட்டால், அவருடைய வரியும் உள்ளே சிக்கிக்கொள்ளும், வட்டி அவருக்கு ஏறும்.

பணம் திருட்டுப் போனது தெரிந்தவுடன் 1930. சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணம் அடுத்த கணக்குக்குத் தாவாமல் நிறுத்த முடியும். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வங்கிக்கும் தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, தவறு உங்கள் பக்கமும் வங்கிப் பக்கமும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்திருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். எப்படியிருந்தாலும் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிப்பதுதான் அதிக விலை வைக்கும்.

ஆவணங்கள்

கிளையன்ட் அனுப்பும் ஆதார் படம் வாட்ஸ்அப்பிலிருந்து தானாக கேலரிக்குப் போகிறது. கேலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு. அங்கிருந்து, வீட்டு டிவியிலோ குடும்ப டேப்லெட்டிலோ அதே கணக்கு இருந்தால், அங்கேயும். சாட்ஸ் செட்டிங்ஸில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

ஆதார் எண் முழுதாகத் தேவைப்படாத இடத்தில் மாஸ்க்டு ஆதார் கேளுங்கள். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் என்பது ஊருக்கே தெரிந்ததால் அதைப் பூட்டாக நினைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஆவணங்களை கணினியில் கிளையன்ட் பெயரில், நிதியாண்டு வாரியாகப் போட்டு, வன்தட்டை பிட்லாக்கர் மாதிரி ஒன்றால் பூட்டி, போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதை உங்கள் போனில் வைத்திருக்கச் சொல்லவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. இனி "என் ஆவணத்தை அழித்துவிட்டீர்களா?" என்று கேட்கும் கிளையன்ட் வருவார். அப்போது பதில் இருக்க வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சாம்சங்கில் 'மெயின்டெனன்ஸ் மோடு', பிக்ஸலில் 'ரிப்பேர் மோடு' இருக்கிறது. இயக்கிவிட்டால் கடைக்காரருக்கு உங்கள் தரவு தெரியாது. லாக் எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. குழந்தை கையில் போன் போகும் என்றால் 'ஆப் பின்னிங்' போட்டுக் கொடுங்கள், அந்த ஒரு ஆப்பை விட்டு எளிதில் வெளியே வர முடியாது.

பேசும் விதம்

பஸ்ஸிலோ டீக்கடையிலோ ஸ்பீக்கரில் போட்டு, "உங்க டர்ன்ஓவர் நாற்பது லட்சம் தாண்டிடுச்சு சார்" என்று சொல்வது எந்த ஹேக்கரும் செய்யாத அளவு கெடுதல். சிறு ஊரில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அவருடைய பங்காளியாகவும் இருக்கலாம், போட்டிக் கடைக்காரராகவும் இருக்கலாம். பொது இடத்தில் அழைப்பு வந்தால் "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது நிமிடம் கூப்பிடுங்கள். தொகையும் பெயரும் ஒரே வாக்கியத்தில் பொதுவெளியில் வரவே கூடாது. ஒரு கிளையன்ட் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவரிடம் கணக்குப் பேசுவதும் இதே வகை. கேட்டுக்கொண்டிருப்பவர், தன் கணக்கும் இப்படித்தான் பேசப்படும் என்று புரிந்துகொள்வார்.

கிளையன்ட்களையெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழுவில் போட்ட நொடியில் அறுபது பேரின் எண்ணும் அறுபது பேருக்கும் தெரிந்துவிடும், யார் உங்கள் கிளையன்ட் என்பதும். கடைசித் தேதி அறிவிப்புக்கு பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை, ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதால், புது கிளையன்ட்டிடம் முதல் நாளே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

வாய்ஸ் நோட்டில் தொகை, தேதி, பான் எண் எதுவும் சொல்லாதீர்கள். தேடி எடுக்க முடியாது, கடையில் சத்தமாகப் போட்டுக் கேட்பார், பிறகு "நீங்க அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சும் வரும். எழுத்தில் போடுங்கள். ஃபீஸ் பாக்கியை நினைவூட்டும்போது வரித் தேதியோடு கலக்காதீர்கள். "ஃபீஸ் கொடுத்தால்தான் ஃபைல் செய்வேன்" என்று 20ஆம் தேதி காலையில் சொல்வது மிரட்டலாகத்தான் விழும். மாதம் 5ஆம் தேதி பில் அனுப்பி, 12ஆம் தேதி ஒரு நினைவூட்டல் என்று தனித் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் 'அவே மெசேஜ்' இருக்கிறது. இரவு எட்டு முதல் காலை ஒன்பது வரை, "நாளை காலை பதிலளிக்கிறேன். நோட்டீஸ் வந்து இன்றே கடைசி நாள் என்றால் மட்டும் அழையுங்கள்" என்று எழுதி வையுங்கள். நீங்களும் அந்த நேரத்தில் கிளையன்ட்டைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வியாபாரிகளைக் கூப்பிட நல்ல நேரம் கடையைப் பொறுத்தது: மளிகைக்கு மதியம் இரண்டு முதல் நான்கு, ஹோட்டலுக்குக் காலை பத்தரைக்கு மேல்.

ஒருவர் கணக்கை இன்னொருவருக்குத் தவறி அனுப்பிவிட்டால், இரண்டரை நாளுக்குள் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' வேலை செய்யும். அழித்துவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். வாங்கியவரிடம், இறக்கியிருந்தால் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். உரியவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், மூன்றாம் ஆள் மூலம் அவருக்குத் தெரியக் கூடாது.

போன் தொலைந்த அன்று

முன்கூட்டிச் செய்ய வேண்டியது ஒன்று: *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்களை (போனின் அடையாள எண்கள்) எழுதி, பேக்கப் கோடு தாளோடு வீட்டில் வையுங்கள்.

தொலைந்தது தெரிந்ததும் வரிசை முக்கியம். முதலில் வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்துக்குக் கூப்பிட்டு எண்ணை நிறுத்துங்கள். அடுத்து வங்கி. பிறகு கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' வழியாகப் பூட்டுங்கள். இருப்பிடம் தெரிந்தாலும் தனியாகப் போய் மீட்க முயல வேண்டாம். கிடைக்காது என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள். காவல்துறையில் புகார் பதியுங்கள், திருட்டு என்றால் நிலையத்துக்கே போங்கள். புகார் நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போன்களுக்கான சிஇஐஆர் பகுதியில் ஐஎம்இஐயை முடக்கலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

புது சிம் அதே நாளில் கிடைக்கும். ஆனால் மாற்று சிம் இயங்கத் தொடங்கியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க அரசு வைத்த கட்டுப்பாடு அது. 19ஆம் தேதி போன் தொலைந்தால் உங்கள் எண்ணை நம்பியிருக்கும் எந்த ஓடிபியும் 20ஆம் தேதி மாலை வரை வராமல் போகலாம். கிளையன்ட்களின் எண்கள் அவரவரிடமே இருந்தால் ஃபைலிங்குக்குத் தடை இருக்காது, கணினியிலிருந்து வேலையை முடித்துவிடலாம். அன்றே, புது சிம்முக்குக் காத்திருக்காமல், குடும்பத்தார் எண்ணிலிருந்து ஒவ்வொரு கிளையன்ட்டையும் தனித்தனியாக அழைத்துச் சொல்லுங்கள்: "என் போன் தொலைந்துவிட்டது, நாளை வரை என் எண்ணிலிருந்து பணமோ ஓடிபியோ கேட்டு யார் பேசினாலும் அது நான் இல்லை."